வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தல்

கடல் மீன்களையும் பவளங்களையும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆசை திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் முதலிய இடங்களிலும் இப்பொழுது காணப்படுகிறது. 1909ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் பொது ஜனங்களுக்கென ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அது கடலோரத்திலேயே அமைந்தது. நமக்கோ கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நம்மைச் சூழ்ந்திருப்பவை காவேரியும் கொள்ளிடமும். ஆகவே இம்முயற்சியில் செய்யத் தக்கது எது, செய்யலாகாதது எது என்பதை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

1. ஜலம் தயாரித்தல்

கடல் ஜலம் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். சமையலுப்பு மட்டும் கரைத்தால் போதாது. சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம் முதலியவை கலந்து தொட்டிக்கென்றே விற்கப்படும் உப்பைக் கரைத்தல் வேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு. யூரியா இடும் வயல்களின் நடுவிலுள்ள கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருக்கக்கூடும். ஆதலால் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரே உத்தமம். உப்பின் அளவை ஹைட்ராமீட்டர் கொண்டு சோதித்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் தொட்டி நீர் தினந்தோறும் வற்றும். அப்பொழுது உப்பு நீரை ஊற்றி நிரப்புவது தவறு. ஆவியாகிப் போவது நீரே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. வடிகாலில்லாத வயல் நாளடைவில் உவராவதும் இக்காரணத்தினாலேயே. வற்றியதை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும்.

2. தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பழக்கமான மிராசுதார் ஒருவர் தம் பேரக்குழந்தைகளின் விருப்பத்திற்காக இருநூறு லிட்டர் தொட்டி ஒன்று வைத்தார். ஜலம் தெளிவாயிருக்கக் கண்டு, மீன்களை விடலாம் என்று சொன்னவன் நானே. மூன்றாம் நாள் ஐந்து மீன்கள் விடப்பட்டன. எட்டாம் நாளுக்குள் ஐந்தும் மாண்டன. "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே, ஐயா! பிறகு ஏன் செத்தன?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதிலில்லை. பிறகு ஜலத்தைச் சோதித்ததில் அம்மோனியா மிகுந்திருந்தது தெரிந்தது.

வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட்டை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதைப் பல முறை விவசாயிகளுக்கு விளக்கியவன் நான். அதே வேலை தொட்டியிலும் நடைபெற வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமற் போயிற்று. மீனின் கழிவும் எஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. அது மீனுக்கு விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். பசுந்தாளை மடக்கி உழுதவர் அது மட்கும் வரை நடவுக்குப் பொறுத்திருப்பதில்லையா? அதுபோலவே இங்கும் மீனின்றி நீரை ஓடவிட்டு, நாள்தோறும் சிட்டிகையளவு தீனி மட்டும் இட்டுவர வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் முதலில் ஏறிப் பின்பு இறங்கிச் சோதனையில் இல்லையென்று கண்ட பிறகே முதல் மீனை விட வேண்டும்.

3. பவளம் வாங்கலாகாது

பவளம் கல்லன்று, செடியுமன்று. அது ஒரு பிராணி. அதன் சதையினுள் நுண்ணிய பாசி வாழ்ந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு அளிக்கிறது. தக்கைப்பூண்டின் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர் பயிருக்குத் தழைச்சத்து அளிப்பதைப் போன்ற உறவு இது. ஜலத்தின் உஷ்ணம் மிகுந்தால் இப்பாசி நீங்கிப் பவளம் வெளுத்து, அந்நிலை நீடித்தால் மாண்டுபோகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய வருஷங்களில் அவ்வாறு நிகழ்ந்தது. கடலுக்கே இக்கதியாயின், சித்திரையில் 40 டிகிரியைக் கடக்கும் நம் ஊரில், மின்சாரம் நின்ற பகலொன்றில், சிறு தொட்டியின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டமும் இதில் கண்டிப்பானது. இராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முற்காலத்தில் அங்கே பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்து வந்தனர். இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பாறை அமைக்கும் பவளங்களும் கடல் விசிறியும் கடற்குதிரையும் 2001இல், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும் பவளத்தைப் பிடுங்குவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. எவரேனும் கிராமத்தில் பவளம் விற்க வந்தால் உத்தியோகஸ்தர்கள் வனத்துறைக்கு உடனே தெரிவிப்பது கடமையாகும்.

4. வளர்க்கத் தக்க மீன்கள்

பொரிப்பகத்தில் பிறந்த மீன்களை வளர்ப்பதே நேர்வழி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிக்கச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டுள்ளனர். இத்தகைய மீன் தொட்டியிலேயே பிறந்து உலர் தீனிக்குப் பழகியிருப்பதால் எளிதில் நிலைக்கும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாயிருந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகையால் சிறிய குஞ்சுகள் இரண்டு வாங்கினால் ஜோடி தானே அமையும். மறைவிடத்திற்குச் சுட்ட மண்ணாலான குகைகளே போதும். நாளைக்கு இரு வேளை, மீதியின்றித் தின்னுமளவே தீனி இட வேண்டும். மின்சாரம் நிற்கும் வேளைக்கெனப் பாட்டரியில் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்று அவசியம்.

5. கழித்த நீர்

வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்ற வேண்டும். இருநூறு லிட்டர் தொட்டியானால் வெளியேறும் 20 லிட்டரில் 700 கிராம் உப்பு உண்டு. வருஷத்திற்கு 36 கிலோ ஆகிறது. இதைத் தென்னம்பாத்தியிலோ வாழைக்கொல்லையிலோ கிணற்றோரத்திலோ தொடர்ந்து ஊற்றினால், அவ்விடம் உவராகிவிடும். வாய்க்காலில் விடுவதும் தகாது. நகரத்தார் பாதாளச் சாக்கடையில் விடலாம். கிராமத்தார் சிமெண்டுத் தட்டில் வெயிலில் காயவைத்து, எஞ்சிய உப்பைக் குப்பையுடன் அப்புறப்படுத்துக. அவ்வுப்பை எருக்குழியில் சேர்க்கலாகாது.

மேற்கூறிய மிராசுதார் அடுத்த முறை ஆறு வாரம் பொறுத்து இரண்டு கோமாளிக் குஞ்சுகளை விட்டார். அவை இன்றும் நலமாயுள்ளன. அவர் தொட்டியில் பவளம் இல்லை. பேரக்குழந்தைகள் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை. பொறுமையுள்ளவர் மாத்திரமே இத்தொட்டியை வைக்க வேண்டும். அவ்வாறு வைப்பவரும் பவளத்தைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.