மன்னார்க் கிணறுகளைப் பார்க்கப் போகும் தங்கைக்கு



பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மன்னாருக்குப் போகிறாய். கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, அலை அடங்கும்வரை பொறுத்துப் பார். குடம்பி தலைகீழாகத் தொங்கினால் வேறு நுளம்பு; நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகை. அதிலே ஸ்டீபன்சி என்ற இனம் 2016 டிசம்பரில் மன்னாரில் அகப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்திருந்தது! இங்கே மலேரியாவைப் பரப்பிவந்த, ஆற்றுப்படுக்கைக் குட்டைகளில் பெருகும் பழைய குலிசிஃபேசிஸ் இனம் போலல்ல இது. கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். சென்னையில் மலேரியாவைப் பரப்பியதும் இதுதான்.

ஆனாலும் நுளம்பை எண்ணி ஆபத்தை அளந்துவிடாதே. நுளம்பு ஒழியப்போவதில்லை; ஒட்டுண்ணியைச் சுமந்துவரும் பயணிகளும் நிற்கப்போவதில்லை. காய்ச்சல் தொடங்கியதிலிருந்து மலேரியா என்று கண்டுபிடிக்கும்வரை கழியும் நாள்கள்தான் நம் கையில் உள்ளவை. குடித்த இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணி முதிர்ந்து நுளம்பு நோய் பரப்ப ஏறக்குறைய பத்து நாள் பிடிக்கும். நோயாளி சிகிச்சையின்றி இருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னும் சில நுளம்புகளுக்கு ஒட்டுண்ணி போய்ச்சேரும். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே இருந்தனர். மருந்துத் தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். 2018இல் மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரருக்குத் தொற்றியபோது இருவரும் இனங்காணப்பட்டார்கள். பரவல் அங்கேயே நின்றது.

விமான நிலையத்திலேயே இரத்தம் சோதித்தால் என்ன என்பார்கள். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். அப்போது இரத்தத்தில் எதுவும் தெரியாது. இன்னொரு கேள்வி நியாயமானது: 2017இல் டெங்கு 186,000 பேரைத் தாக்கியது, இல்லாத மலேரியாவுக்கு ஏன் பணம்? டெங்குக்குத்தான் முதலிடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல் என்றாலே டெங்கு என்று பழகிய கண்தான் மலேரியாவைத் தவறவிடும். காய்ச்சலோடு வரும் நோயாளியிடம் 'கடைசியாக எந்த நாட்டிலிருந்து வந்தீங்கள், எத்தனை மாதமாகுது?' என்று கேட்பதற்கு எவ்வளவு செலவாகும்?

போன முதல் வாரமே உன் பகுதி வைத்தியசாலையில் இரத்தத் தடவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒட்டுண்ணியை அடையாளம் காணத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து எழுது.