சிவக்காத கண்ணும் முறிந்த எலும்பும்

கண்ணில் அடிபட்டு வருபவருக்கு இமை வீங்கி மூடிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. அதற்குள் பார்வையைச் சோதித்துவிட வேண்டும். கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோதும், பிறகு அவசரப் பிரிவில் வேலை பார்த்தபோதும் இதைத்தான் முதலில் செய்தேன். நல்ல கண்ணை மூடச் சொல்லி, சுவர் நாள்காட்டியில் தேதியை வாசிக்கச் சொல்வேன். எண் தெரியாவிட்டால் விரல், அதுவும் தெரியாவிட்டால் டார்ச் வெளிச்சம். தெரிந்ததை மணியோடு அட்டையில் எழுதுவேன். பார்வை குறைந்துகொண்டு வருகிறதா என்று அலோர்ஸ்டாரில் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்த வரிதான் சொல்லும்.

செம்பனை மட்டை முகத்தில் விழுவது, கப்சாய் மோட்டார் சைக்கிள் சறுக்குவது, கைமுட்டிக் குத்து: எங்கள் பக்கத்துக் காரணங்கள் இவை. மலேசியாவில் 1973 முதல் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் கட்டாயம்தான், ஆனால் அரைக்கவசம் முகத்தைக் காக்காது. கண் உட்கார்ந்திருக்கும் குழியின் விளிம்பு உறுதியானது. அடித்தளமோ சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 1957இல் ஸ்மித், ரீகன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பிணத்தின் கண்மேல் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். விளிம்பு நின்றது, தளம் உடைந்தது. ஆகவே விளிம்பைத் தடவிப் பார்த்து “எலும்பு நல்லாருக்கு” என்று அனுப்பிவிடக் கூடாது.

கன்னமும் மேலுதடும் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். “மேப்பல்லு என்னோடதே இல்ல மாதிரி இருக்கு, டிரசர்” என்று ஒரு பால்வெட்டுக்காரர் சொன்னார். தளத்தின் வழியே ஓடும் நரம்பு அடிபட்டதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. தலையை அசைக்காமல் என் விரலை மட்டும் கண்ணால் மேலும் கீழும் பின்தொடரச் சொல்வேன். இரண்டாகத் தெரிந்தால் எந்தப் பக்கம் பார்க்கும்போது என்று குறிப்பேன். இமையைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்றால் சைனஸ் காற்று ஏறியிருக்கிறது. அடிபட்டவர் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தவே கூடாது.

எனக்கு அதிகம் பயம் தருவது பிள்ளைகளின் கண்தான். திடலில் முழங்கை பட்ட பையனை ஒரு தாய் கூட்டிவந்தார். “கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு, வாந்திதான் நிக்கல. கேஸ்டிரிக்கா?” என்றார். வீக்கமில்லை, சிவப்பில்லை. “தம்பி, மேல பாரு” என்றதும் ஒரு கண் ஏறவில்லை, பையன் வலியில் துடித்தான். நாடி குறைந்திருந்தது. பிள்ளைகளின் எலும்பு வளைந்து, பொறிக்கதவுபோல் மீண்டும் மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் கண்ணை அசைக்கும் தசை சிக்கிவிடும். வாந்தியும் மந்தமான நாடியும் அந்தத் தசை இழுபடுவதால்கூட வரும். தலைக்காயமும் இருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஆனால் தலை ஸ்கேன் நன்றாக இருக்கிறதென்று அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. ஓரிரு நாளுக்குள் அறுவை நடக்காவிட்டால் தசை நிரந்தரமாகக் கெடலாம்.

கண் பிதுங்கி, இமைக்கடியில் கல்லாக இறுகி, வலியோடு பார்வையும் மங்கினால் பின்னால் இரத்தம் தேங்குகிறது. பார்வை நரம்பு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்காது. ஸ்கேனுக்குக் காத்திராமல் இமையின் வெளி ஓரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். 999ஐ அழையுங்கள், என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நம் வீடுகளில் சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் அழுத்தி ஒத்தடம் கொடுப்பார்கள். அன்பான கைதான். ஆனால் கண்மணி கோணலாக இழுத்திருந்தாலோ, விழி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ அந்த அழுத்தம் கண்ணையே அழித்துவிடும். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் மேலே ஒட்டி அனுப்புங்கள்.

முறிவு எல்லாவற்றுக்கும் அறுவை தேவையில்லை. பெரியவர்களுக்கு சிடி ஸ்கேன் எடுத்து, வீக்கம் வடிந்தபின் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்வார்கள். வீக்கம் போன பிறகுதான் கண் உள்வாங்குவதும் தெரியும். நாள்கூலி போகுமே என்று அந்தத் தவணையை விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டிருந்தால் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. முதல் நாள் அட்டையையும் மருத்துவ விடுப்புச் சீட்டையும் பத்திரப்படுத்தி, தோட்ட ஆபீசில் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.