ஊமைப் படத்தில் யாருக்கு எந்த வேஷம்?

சினிமாவில் யார் எந்த வேஷம் போடலாம் என்று ஒரு காலத்தில் சமுதாயம்தான் முடிவு செய்தது. அதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் 'ராஜா அரிச்சந்திரா'. 1913இல் தாதாசாகிப் பால்கே எடுத்தார். அது ஊமைப் படம். பேச்சு கிடையாது, நடுநடுவே எழுத்து மட்டும் வரும். நடிப்பது கேவலம் என்று நினைத்ததால் பெண்கள் யாரும் முன்வரவில்லை. ஓட்டலில் சமையல் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்ற ஆண், சேலை கட்டி அரிச்சந்திரன் மனைவியாக நடித்தார். நம்ம பக்கம் கூத்துல ஆம்பளைங்க சந்திரமதி வேஷம் கட்டுற மாதிரிதான்! 1917இல் 'லங்கா தகன்' படத்தில் ராமரும் அவரே, சீதையும் அவரே. ஜனங்க கூட்டம் கூட்டமா போய்ப் பார்த்தாங்க.

இப்போ இன்னொரு படத்தைப் பாருங்க. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. இதுவும் ஊமைப் படம்தான். 1920களின் கடைசியில் இதை எடுக்கத் தொடங்கிய ஜே.சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். கதாநாயகி பி.கே. ரோசி, ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்துப் பெண். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் வேஷம்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது மேல்சாதிக்காரர்கள் ரகளை செய்து திரையின் மேல் கல்லெறிந்தார்கள். ரோசியின் வீட்டையும் தாக்கினார்கள். அவர் ஊரை விட்டே ஓடி, தமிழ்நாட்டில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். பிறகு நடிக்கவே இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

ஆண் சீதையாக நடித்தால் கைதட்டல். ஒரு பெண் பெண்ணாகவே நடித்தாலும் கல்லடி. காரணம் நடிப்பு இல்லீங்க, சாதி!

2013இல் 'செல்லுலாய்டு' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைச் சொன்னது. ரோசியின் பெயரில் இப்போது திரைப்பட விழாவும் நடக்கிறது.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். சினிமாவில் மலைவாசி என்றாலே இலைதழை கட்டி ஆடுறவங்களா காட்டுறாங்க. நம்ம முள்ளுக்குறிச்சியில, கொல்லிமலையில யாராவது அப்படியா இருக்கோம்? நம்மில் ஒருவர் டாக்டராகவோ கலெக்டராகவோ கதாநாயகியாகவோ வருகிற படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அடுத்த முறை படம் பார்க்கும்போது யாருக்கு எந்த வேஷம் கொடுத்திருக்காங்கன்னு கவனியுங்க. பள்ளி நாடகத்திலும் ராஜா வேஷம் எல்லாருக்கும் கிடைக்கட்டும்!