குழந்தையை யாரிடம் விடுவது?

அல்சூர், பெங்களூரின் பழைய பகுதி. இங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காலையில் பல பெண்கள் இங்கிருந்து வேலைக்குக் கிளம்புகிறார்கள். சிலருக்கு வீட்டு வேலை. சிலருக்குக் கட்டட வேலை, கடை வேலை. பாட்டி இருந்தால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பாட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது?

சில வீடுகளில் எட்டு வயது அக்காள் பள்ளிக்குப் போகாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் படிப்பு கெடுகிறது. தம்பிக்கும் பாதுகாப்பு இல்லை. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, தெருவில் ஓடும் வண்டி எல்லாமே ஆபத்து. எட்டு வயதுப் பெண்ணும் குழந்தைதானே! 6 முதல் 14 வயது வரை கல்வி பெறுவது குழந்தையின் உரிமை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது.

எங்கே விடலாம்?

அங்கன்வாடி: இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. கர்நாடகத்தில் முதலில் மைசூர் மாவட்டம் டி. நரசிப்பூரில் வந்தது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு இங்கே ஆடல், பாடல், கதை, உணவு உண்டு. கட்டணம் இல்லை. தடுப்பூசிக்கும் வழி சொல்வார்கள். ஆனால் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை நாள் முழுவதும் வைத்துக்கொள்வது எல்லா அங்கன்வாடியிலும் இல்லை. நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடம்: 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும். 2017இல் வந்த சட்டத் திருத்தம் இதைச் சொன்னது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.

தனியார் காப்பகம்: பணம் கட்ட வேண்டும். நன்றாகப் பார்த்த பிறகு சேர்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது?

வேலைக்குப் போகும் ஓர் இளம் தாயும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பேசுகிறார்கள்.

“பெரிய காப்பகம், அக்கா. சுவர் முழுக்கப் பொம்மைப் படம்.”

“சுவரா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும்? தூக்கப்போகிற ஆயாவிடம் பேசினாயா?”

“இல்லை, அக்கா. பணம் கட்டும் இடத்தில் மட்டும்தான் பேசினேன்.”

“சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போ. அரை மணி நேரம் உட்கார்ந்து பார். அழுகிற பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா என்று கவனி. உள்ளே விட மாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம், அம்மா.”

அக்கா சொன்னது சரி. இவற்றையும் பாருங்கள்:

1. ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள்? 3 வயதுக்குக் குறைந்த 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இது.

2. குடிநீர், கழிப்பறை, சமையலறை சுத்தமா?

3. வாசலுக்குக் கதவு உண்டா? குழந்தை தெருவுக்கு ஓடிவிடாதா?

4. பெற்றோர் சொல்லாத ஆளிடம் குழந்தையை அனுப்புவார்களா?

5. காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வார்கள்?

சேர்த்த பிறகும் கவனம் தேவை. புது இடத்தில் குழந்தை சில நாள் அழும். அது இயல்பு. ஆனால் உடம்பில் காயம் இருந்தால், ஒருவரைக் கண்டு பயந்தால், திடீரென்று பேச்சு குறைந்தால் சும்மா இருக்கக் கூடாது. உடனே விசாரியுங்கள். குழந்தைக்குத் தீங்கு என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர்கள்தான் பார்த்து அறிய வேண்டும்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெரு அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது? எப்போது மூடுகிறது?

தம்பி தங்கையைப் பார்ப்பதற்காகப் பள்ளியை விட்ட பெண் உங்கள் தெருவில் உண்டா? அவள் மீண்டும் படிக்க என்ன செய்யலாம்?