டல்லாஸிலிருந்து வரும் வாட்ஸ்அப்

கேள்வி: குவாலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து பாகான் நக்கோடா ஓமாரில் இருக்கிறேன். சுற்றிலும் மலாய்க் குடும்பங்கள். என் அண்ணன் மகன் அமெரிக்காவில், டல்லாஸ் நகரில் கணினி வேலை பார்க்கிறான். முஸ்லிம்களைப் பற்றி மோசமாக எதையாவது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருக்கிறான். கேட்டால், "அத்தை, ஒங்களுக்குத் தெரியாது, இங்க எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க" என்கிறான். இங்கே என்னோடு பல வருடமாக வேலை செய்யும் மலாய் அக்காவோ, "அமெரிக்காக்காரன் ஒருத்தனுக்கும் இஸ்லாம்னாலே ஆகாது. ஒங்க பையன ஏன் அங்க விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். மெக்டோனல்ட் பொட்டலத்தோடு போனால் அவர் முகம் மாறிவிடுகிறது. இரண்டு பேரிடமும் நான் வாயைத் திறப்பதில்லை. என்ன சொல்ல வேண்டும்? பர்கர் வாங்குவதையும் நிறுத்திவிட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், பாகான் நக்கோடா ஓமார்

பதில்: பையன் இருக்கும் ஊரில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து நான்கே நாளில், டல்லாஸில் வாக்கார் ஹசன் என்ற பாகிஸ்தானியர் கடையில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 21ஆம் தேதி, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரயீஸ் பூயான் என்ற வங்காளதேச இளைஞரின் முகத்தில் சுடப்பட்டது. உயிர் தப்பினார், ஒரு கண் போயிற்று. அக்டோபர் 4ஆம் தேதி, பக்கத்து ஊரான மெஸ்கீட்டில் வாசுதேவ் பட்டேல் கொல்லப்பட்டார். மூன்றையும் செய்தவன் மார்க் ஸ்ட்ரோமன் என்ற ஒரே ஆள். அரபுக்காரர்களைப் பழிவாங்கினேன் என்றான். மூவரில் ஒருவரும் அரபுக்காரர் இல்லை. பட்டேல் முஸ்லிம்கூட இல்லை, இந்து.

அதே செப்டம்பர் 15ஆம் தேதி அரிசோனா மாநிலம் மேசாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் பெட்ரோல் நிலைய வாசலில் கொல்லப்பட்டார். சுட்டவனுக்குத் தலைப்பாகையும் தாடியுமே போதுமானவையாக இருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் இது ஓயவில்லை. 2017 பிப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், வேலை முடிந்து மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஹைதராபாத் பொறியியலாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபொட்லா சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அவரை ஈரான்காரர் என்று நினைத்துக்கொண்டான்.

உங்கள் அண்ணன் மகன் தான் வேறு கட்சி என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். முஸ்லிமை ஏசினால் வெள்ளைக்காரர் தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார் என்பது அவன் கணக்கு. நம் ஆட்களிடம் இது புதிதல்ல, இங்கேயும் பார்த்திருக்கிறோம். ஆனால் வெறி பிடித்தவன் ஒருவன் கதவைத் திறந்து உள்ளே வந்தால், ஆளைப் பிரித்துப் பார்த்து விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். ஸ்ரீனிவாஸும் படித்த பொறியியலாளர்தான், ஹெச்1பி விசாவில் வேலை செய்தவர்தான். இதை அவனிடம் குழுவில் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் திருத்தினால் அவன் நாலு மடங்கு அனுப்புவான்.

"இங்க எல்லாரும்" என்கிறானே, அந்த எல்லாரும் யார்? அமெரிக்காவில் முஸ்லிம்கள் மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பியூ ஆய்வு மையம் 2014இல் கேட்டபோது, முஸ்லிம் ஒருவரையாவது நேரில் தெரியும் என்று சொன்ன அமெரிக்கர் 38 விழுக்காடு மட்டுமே. தெரிந்தவர்களிடம் முஸ்லிம்கள்மேல் இருந்த நல்லெண்ணம், தெரியாதவர்களிடம் இருந்ததைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. முஸ்லிமைப் பார்த்தே இராதவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் முஸ்லிம்கள் அந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்ல: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஓமார் இபன் சையத், வட கரோலினாவில் அடிமையாக இருந்தபடி 1831இல் அரபு மொழியில் தன் வரலாற்றை எழுதினார். அது இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் நியூயார்க் நகர மக்கள் ஸோரான் மம்தானி என்ற முஸ்லிமை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய தாயார் மீரா நாயர் இந்துக் குடும்பத்தில் பிறந்த திரைப்பட இயக்குநர். "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் இவர்களை எங்கே வைப்பான் என்று கேளுங்கள்.

ரயீஸ் பூயானின் கதை அங்கே முடியவில்லை. ஸ்ட்ரோமனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நிறைவேற்றப்படவிருந்தபோது, அதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் வரை போனவர், அவன் சுட்டுக் கண்ணிழந்த இதே ரயீஸ்தான். மன்னிக்கச் சொல்லித் தன் மார்க்கம் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றார். வழக்கு பலிக்கவில்லை. 2011 ஜூலை 20 அன்று டெக்சாஸில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பையனுக்கு அனுப்ப ஒரே ஒரு செய்தி போதுமென்றால், இதை அனுப்பலாம்.

மலாய் அக்கா விஷயம் வேறு. அவருடைய கோபம் முழுவதும் தவறான புரிதல் என்று நினைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள், மூக்குடைபடுவீர்கள். 2003இல் ஈராக் மீது படையெடுத்தபோது காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே கிடைக்கவேயில்லை. காசாவில் விழுந்த குண்டுகளில் அமெரிக்கா கொடுத்தவை இருப்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 2017இல் ட்ரம்ப் ஏழு முஸ்லிம் நாட்டினருக்குக் கதவை மூடினார். இதற்கெல்லாம் கோபப்படுவதற்கு முஸ்லிமாக இருக்க வேண்டுமென்பதில்லை. அவர் தடுக்கி விழுவது அடுத்த அடியில்தான். அரசாங்கத்தின்மேல் வந்த கோபத்தை அப்படியே முப்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள்மேல் கொட்டிவிடுகிறார். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக நியூயார்க் தெருக்களில் பெருங்கூட்டமாக நின்றவர்களும் அமெரிக்கர்கள். 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காசாவுக்காகக் கூடாரம் போட்டுக் கைதானவர்களும் அமெரிக்கர்கள், அவர்களில் யூத மாணவர்களும் உண்டு.

ஒலேத்தாவில் ஸ்ரீனிவாஸைச் சுட்டவனை வெறுங்கையோடு மறிக்கப் போன இயன் கிரில்லட் என்ற 24 வயது வெள்ளைக்கார இளைஞரைப் பற்றி அக்காவிடம் சொல்லுங்கள். கையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்தது, பிழைத்தார். வீடு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஹூஸ்டன் இந்தியர்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

அக்காவிடம் சொல்லப் பக்கத்திலேயே ஒரு கதையும் உண்டு. உங்கள் ஊர்க் கரையிலிருந்து நேரே கடலைத் தாண்டினால் சுமத்திரா. 2004 சுனாமியில் அதன் வட முனையான அச்சே அழிந்தபோது, ஆப்ரஹாம் லிங்கன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் ஹெலிகாப்டர்கள் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோய் இறக்கின. அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்த இந்தோனேசியர்கள் 2003இல் 15 விழுக்காடு, 2005இல் 38. இதுவும் பியூ கணக்குதான். 2007க்குள் அது 29க்கு இறங்கியும் விட்டது, அப்போதும் ஈராக் போர் நின்றபாடில்லை. மக்கள் கண்மூடித்தனமாக வெறுப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. செய்கையைப் பார்க்கிறார்கள், மனத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் மலேசியாவில் வேலை செய்தார்கள். ஆசிரியர்களாக, தாதியராக, கம்பங்களிலேயே தங்கி, மலாய் பேசக் கற்றுக்கொண்டு. அக்காவின் அப்பாவோ பெரியப்பாவோ இப்படி ஒரு அமெரிக்கரிடம் கணக்கோ ஆங்கிலமோ படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வீட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தவரைத் தெரியாமலே வெறுப்பது ஏதோ வெளியூர் வியாதி என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்ள முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் கம்பம். தமிழரைப் பால்மரத்துக்கும் மலாய்க்காரரை நெல்லுக்கும் மீனுக்கும் என்று வெள்ளைக்காரன் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனான். பள்ளி தனி, கடை தனி. அடுத்த வீட்டு அடுப்பைப் பார்க்காமலே அவர்களைப் பற்றி நமக்கு ஆயிரம் கதை தெரியும். அவர்களுக்கும் நம்மைப் பற்றித் தெரியும். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, பிழைப்பு தேடி வந்தவர்கள் நகர ஓரத்துப் புறம்போக்கில் ஒட்டி ஒட்டிக் குடியேறினார்கள். பெட்டாலிங் ஜெயா ஓரத்துக் கம்போங் மேடான் அப்படிப்பட்ட ஓர் இடம். 2001 மார்ச்சில் அங்கே ஒரு தெருவில் மலாய்க் கல்யாணமும் தமிழர் வீட்டுச் சாவும் ஒரே நேரத்தில் வந்தன. உரசல் தொடங்கியது, வதந்தி பரவியது, ஆறு பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். செப்டம்பர் 11க்கு ஆறு மாதம் முன்பு நடந்தது இது. அப்போது வாட்ஸ்அப் கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கடைசியாகப் பர்கர். காசாவுக்காக ஒருவர் ஓர் அமெரிக்கப் பெயர் கொண்ட கடையைத் தவிர்ப்பது அவருடைய மனசாட்சி, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் அடி யார்மேல் விழுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மலேசியாவில் மெக்டோனல்டை நடத்தும் உரிமை சவூதி முதலாளிகள் கையில் இருக்கிறது. கேஎஃப்சியை நடத்தும் நிறுவனத்தில் ஜொகூர் மாநில அரசின் கழகத்துக்கும், நம் எல்லாருடைய சம்பளத்திலும் பிடிக்கிற இபிஎப் வாரியத்துக்கும் பங்கு உண்டு. 2024 ஏப்ரலில் அதன் கிளைகள் நூற்றுக்கு மேல் தற்காலிகமாக மூடப்பட்டன. ஸ்டார்பக்ஸை இங்கே நடத்தும் பெர்ஜாயா நிறுவனர் வின்சென்ட் டான், தன் ஊழியர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், புறக்கணிப்பை விடுங்கள் என்று அதே ஆண்டு மார்ச்சில் கேட்டுக்கொண்டார். முதலாளி தன் வியாபாரத்துக்காகத்தான் பேசுவார், அதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டுத் தலைமைக்கு உரிமப் பணம் போவதும் உண்மை.

அதனால் உங்களுக்குப் பிடித்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். அக்காவின் முகம் மாறுகிறதே என்பதற்காக மட்டும் விடாதீர்கள், ஒளித்து வைத்தும் தின்னாதீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில், "ஏன் காக், என்ன கோபம்?" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. பசியாறப் போகும்போது கேளுங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகு அந்த ஒலேத்தா இளைஞர் கதையை எடுங்கள்.