பத்து சென்ட்டில் ஒரு பூங்கா

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கு விட்ட பத்து சென்ட் இடம் முள் மண்டிக் கிடக்கிறது. தண்ணீரும் குறைவு. எதில் தொடங்கலாம்?
– வாசகி, சோமனூர்

பத்து சென்ட் தாராளம், கவலை வேண்டாம். மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் பொது இடம். அதனால் முதலில் வார்டு கவுன்சிலரையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். மண்டிக் கிடக்கும் முள் சீமைக்கருவேலமாக இருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, மறுபடி துளிர்க்கும். ஜேசிபி வைத்து வேரோடு எடுக்க வேண்டும்.

புல்தரை மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் தண்ணீர் முழுவதையும் அதுவே குடித்துவிடும். நடுவில் மண்தரையாக விடுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் சொர்க்கம். ஊஞ்சலுக்கு அடியில் மணல் கொட்டுங்கள். மேற்கு ஓரத்தில் இரண்டு புங்கன், ஒரு வேம்பு. புங்கன் கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்தாலும் சித்திரை வெயிலுக்குள் அடர்ந்துவிடும். இரவு ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு வருபவர் உட்கார அந்த நிழலில்தான் பெஞ்ச் போட வேண்டும்.

புரட்டாசியில் இரண்டடிக் குழி எடுத்து நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடும் திட்டத்தின் அன்பர்களிடம் பேசிப் பாருங்கள். வறண்ட மண்ணில் மரம் வளர்த்த அனுபவம் அவர்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் கன்று வரும் முன்பே ஆடு புகாதபடி வேலி போட்டுவிடுங்கள்.