சூடான பாலும் பிளாஸ்டிக் புட்டியும்

குழந்தை அழுகிறது. அடுப்பிலிருந்து பாலை இறக்குகிறோம். சூட்டோடு புட்டியில் ஊற்றுகிறோம். மூடியைத் திருகுகிறோம். பிறகு புட்டியைத் தண்ணீரில் வைத்து ஆற்றுகிறோம். பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

இதில் என்ன தவறு? புட்டி பிளாஸ்டிக். பாலோ கொதிக்கிற சூடு.

சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து துகள்கள் உதிரும். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல. ஆனால் இந்தத் துகள் கண்ணுக்குத் தெரியாது. மாவுத் தூளைவிடச் சிறியது. இதற்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர்.

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகர விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கினார்கள். 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் 1 கோடியே 60 லட்சம் துகள்கள் வரை இருந்தன! சூடு கூடக் கூடத் துகள்களும் கூடின. ஆறிய நீரில் மிகக் குறைவு.

துகள் உள்ளே போனால் என்ன ஆகும்? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் அழற்சி ஏற்பட்டது. குழந்தைகளுக்கு எவ்வளவு கேடு என்று இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

துகள் மட்டுமல்ல. பிளாஸ்டிக்கில் பல ரசாயனங்களும் உண்டு. பிஸ்பினால்-ஏ என்பது அதில் ஒன்று. நம் உடலில் ஹார்மோன் சுரக்கிறது. குழந்தையின் மூளையும் உறுப்புகளும் வளர அதுவே வழிகாட்டி. பிஸ்பினால்-ஏ அந்த ஹார்மோனைப்போல வேடம் போடும். வளர்ச்சியைக் குழப்பக்கூடும். குழந்தையின் உடம்போ சின்னது. எடையைப் பார்த்தால், அது குடிக்கும் பால் நம்மைவிட அதிகம். அதனால்தான் பால் புட்டியில் பிஸ்பினால்-ஏ இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2015இல் தரவிதி வந்தது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலுக்குப் புட்டியே தேவையில்லை.

தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்களும் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல. மருத்துவர் சொன்ன பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்குங்கள். மாவுப்பால் என்றால் கொதித்து இறக்கிய சூடான நீரில்தான் கலக்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். வெதுவெதுப்பாக ஆறட்டும். பிறகு எவர்சில்வர் சங்கிலோ பாலாடையிலோ புகட்டலாம். நம் பாட்டிமார் புகட்டிய அதே சங்குதான்! குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அவசரப்பட்டால் புரை ஏறும்.

புட்டிதான் இருக்கிறதா? அப்படியானால் ஒன்றைக் கவனியுங்கள். துகளுக்குப் பயந்து புட்டியைக் கொதிக்க வைக்காமல் விடாதீர்கள். அழுக்குப் புட்டியால் வரும் வயிற்றுப்போக்கு குழந்தையின் உயிரையே வாங்கும். கொதிக்க வைத்த புட்டியை ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய நீரால் 3 முறை அலசுங்கள். பிறகு ஆறிய பாலை ஊற்றுங்கள். கீறல் விழுந்த புட்டியை மாற்றிவிடுங்கள்.

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பாலை எதில் ஆற்றுகிறீர்கள்? பழைய சங்கு பரணில் கிடக்கிறதா?